எய்தவனும் அம்பும்: மரவில்லை விரும்பி ஏற்போர் பற்றிய ஒரு பாடம்



“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தீங்கு செய்தவரை விட்டுவிட்டு, அவர் கையிற் கருவியாய் இருந்தவரைக் கடிந்துகொள்வதாற் பயனில்லை என்பது அதன் கருத்து. இப்பழமொழியை நாம் வகுப்பிலே படித்திருக்கின்றோம். பரீட்சையிலே பொருளும் எழுதியிருக்கின்றோம். ஆனால் அம்பு எய்தல் என்னும் தொழிலிலேயே இது எவ்வளவு உண்மையாகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்று, இலக்கை மிகத் துல்லியமாகத் தாக்கவல்ல புதிய விற்கள் கடைகளிலே கிடைக்கின்றன. அவ்வாறிருந்தும், அவற்றை ஒதுக்கிவிட்டு, மரத்தினாலோ மூங்கிலினாலோ ஆகிய பழைய வில்லையே விரும்பிக் கையிலெடுப்போர் உலகின் பல நாடுகளிலும் உளர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர்? அதனால் அவர்கள் இழப்பது யாது, பெறுவது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. புதிய விற்கள்

முதலிற் புதிய வில்லை அறிந்துகொள்வோம். ஒலிம்பிக் போட்டியிலே பயன்படும் வில்லின் கைபிடி அலுமினியத்தினால் அல்லது காபன் இழையினால் ஆனது. அதன் இரு கரங்களும் காபன், கண்ணாடியிழை முதலியவற்றை அடுக்கி ஒட்டிச் செய்யப்படுகின்றன. குறிபார்ப்பதற்கு ஒரு குறிகாட்டி உண்டு. வில் ஆடாதிருக்க முன்புறமாக நீளும் கோல்கள் உண்டு. அம்பு உரிய அளவு இழுபட்டதும் ‘கிளிக்’ என்று ஒலித்துத் தெரிவிக்கும் சிறு தகடு ஒன்றும் உண்டு. போட்டியாளர் 70 மீற்றர் தொலைவில் நின்று, 122 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இலக்கை நோக்கி எய்கின்றனர். அதன் நடுவேயுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்ரிமீற்றர் மாத்திரமே. ஒரு தேநீர்க் கோப்பையை வைக்கும் சிறு தட்டிலும் அது சிறியது!

இதனினும் முன்னேறியது கப்பி வில். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலஸ் வில்பர் அலன் என்பவர் 1966 ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்து, 1969 ஆம் ஆண்டு அதனைப் பெற்றார். இவ்வில்லின் இரு முனைகளிலும் சுழலும் கப்பிகள் உள்ளன. நாணை இழுக்கத் தொடங்கும்போது விசை முழுவதும் தேவைப்படும். இறுதிவரை இழுத்த பின்னரோ, கப்பிகளின் அமைப்பினாற் கையிலுள்ள சுமை பெரிதுங் குறைந்துவிடும். உதாரணமாக, 50 இறாத்தல் இழுவிசையுள்ள கப்பி வில் ஒன்றில் நூற்றுக்கு எண்பது பங்கு குறையுமாயின், முழுதும் இழுத்து நிற்பவரின் கையிலே 10 இறாத்தற் சுமையே எஞ்சும். ஆதலால் அவர் ஆறுதலாக நின்று குறிபார்க்கலாம். பெருப்பித்துக் காட்டும் கண்ணாடி வில்லை, விரலுக்குப் பதிலாக நாணை விடுவிக்கும் விசைக்கருவி ஆகியனவும் அவருக்கு உதவுகின்றன. 2028 ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலே கப்பி வில்லுக்கு முதன்முறையாக ஒரு போட்டி இடம்பெறும் என 2025 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

இவற்றை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இவை பொறியியல் அறிவின் அரிய விளைவுகள். இவற்றைக் கையாளும் வீரர்களும் நாள்தோறும் பல மணிநேரம் உழைத்தே வெற்றி பெறுகின்றனர். எவ்வில் இலக்கைக் கூடுதலாகத் தாக்கும் என்பதுதான் கேள்வியாயின், விடை எளிது: புதிய வில்லே. எனவே, பழைய வில்லை ஏற்போர் வேறு எதனையோ நாடுகின்றனர் என்பது தெளிவாகின்றது. அது எது என்பதை அறிய, மரவில் தொழிற்படும் முறையை நாம் நோக்கவேண்டும்.

2. மரவில் தொழிற்படும் முறை

மரவில்லிலே குறிகாட்டி இல்லை, கப்பி இல்லை, கோல்கள் இல்லை. மரமும் நாணும் மனிதனுமே உள்ளனர்.

வில் வளையும்போது, இலக்கை நோக்கியுள்ள புறம் இழுபட்டு நீள முயல்கின்றது. எய்பவரை நோக்கியுள்ள புறம் நெருக்குண்டு குறுக முயல்கின்றது. வில் செய்வோர் முன்னையதை முதுகு என்றும் பின்னையதை வயிறு என்றும் அழைப்பர். முதுகிலே நாரோட்டம் அறுபட்டால் வில் அவ்விடத்தில் முறியும். ஆகவே வில் செய்பவர் தாம் விரும்பியவாறு மரத்தைச் செதுக்க முடியாது. மரத்தின் நார் செல்லும் வழியைக் கண்டு, அதன் வழியே தம் கருவியைச் செலுத்தவேண்டும். ஐரோப்பாவிலே வளரும் யூ என்னும் ஊசியிலை மரம் இதற்கு மிகச் சிறந்தது. அதன் வெளிறிய வெளிமரம் இழுவையைத் தாங்கும். செந்நிற வைரம் நெருக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேர வெட்டினால், இயற்கையே இரு பொருள்களை ஒட்டித் தந்தாற்போல ஒரு வில் அமைந்துவிடுகின்றது.

அம்பிலும் ஒரு வியப்பு உண்டு. மரவில்லிலே அம்பு வில்லின் பக்கத்தில் அணைந்திருப்பதால், அதன் முனை இலக்கினின்றும் சற்று விலகியே நோக்குகின்றது. எனினும் எய்தபின் அது இலக்கை நோக்கியே செல்கின்றது. எங்ஙனம்? நாண் தள்ளும் வேகத்தில் அம்பு மீன் நெளிவதுபோல் வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு அப்பாற் சென்று, பின்னர் நேராகின்றது. ஆதலால் அம்பின் விறைப்பு வில்லின் வலிமைக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். ஒரு வில்லுக்குப் பொருந்தும் அம்பு வேறொரு வில்லுக்குப் பொருந்தாமற் போகலாம்.

இனி, எய்பவரை நோக்குவோம். மாங்காய்க்குக் கல்லெறியும் சிறுவன் கோணத்தை அளப்பதில்லை. அவன் கண் காயிலே இருக்கின்றது. கை தானாகச் செல்கின்றது. மரவில்லாளர் பலரும் இம்முறையிலேயே எய்கின்றனர். ஒவ்வொரு முறையும் நாணை வாயின் ஓரத்தில் ஒரே இடத்துக்கு இழுத்து, கண்ணை இலக்கிலே நிறுத்தி, நாணை விடுகின்றனர். ஆயிரக்கணக்கான முறை எய்த பின்னரே கைக்கு அந்த அறிவு வந்து சேர்கின்றது.

இங்கு முக்கியமான வேறுபாடு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். கப்பி வில்லை முழுதும் இழுத்தபின் சுமை குறைகின்றது. மரவில்லையோ முழுதும் இழுத்தபோதுதான் சுமை உச்சத்தை அடைகின்றது. நெடுநேரம் பிடித்து நிற்க இயலாது. ஆகவே கப்பி வில்லாளர் இழுத்தபின் ஆறுதலாகத் தம் குறியைத் திருத்தலாம்; மரவில்லாளரோ இழுக்குமுன்னரே மனத்தை ஒருமுகப்படுத்திவிட வேண்டும். அம்பு தவறினாற் குறிகாட்டி பிசகிற்று என்று கூற வழியில்லை. கை நடுங்கியதா, மூச்சுத் தடுமாறியதா, எண்ணம் சிதறியதா என்று தம்மையே ஆராய வேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவதற்கு இங்கே இடமே இல்லை.

மரவில்லை ஏற்போர் நாடும் முதற்பயன் இதுவேயாகும். இரண்டாவது பயன், ஓர் அறிவைத் தலைமுறை தலைமுறையாய்த் தொடரச்செய்தல். அதனை மூன்று வரலாறுகளால் விளக்குவோம்.

3. அறுந்த சங்கிலி: இங்கிலாந்தின் நெடுவில்

நடுக்கால இங்கிலாந்தின் படைவலிமை நெடுவில்லிலே தங்கியிருந்தது. 1346 ஆம் ஆண்டு கிரெசியிலும் 1415 ஆம் ஆண்டு அஜின்கோர்ட்டிலும் நடந்த போர்களில் அதன் ஆற்றல் வெளிப்பட்டது. 1363 ஆம் ஆண்டு மூன்றாம் எட்வேர்ட் மன்னன், ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் ஆடவர் அம்பெய்து பழகவேண்டும் என ஆணையிட்டான்.

இக்கலை எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதற்கு இனிய சான்று ஒன்று உண்டு. ஹியூ லற்றிமர் என்னும் சமயப் போதகர், 1549 ஆம் ஆண்டு ஆறாம் எட்வேர்ட் மன்னன் முன்னிலையில் ஆற்றிய பிரசங்கத்திலே தம் இளமையை நினைவுகூர்ந்தார். அவருடைய தந்தையார் ஓர் உழவர். அவர் மகனின் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ற வில்லை வாங்கிக் கொடுத்தார். மகன் வளர வளர வில்லும் பெரிதாயிற்று. கைவலிமையால் மட்டும் இழுக்காது, உடலின் பாரத்தையே வில்லினுட் செலுத்தி இழுக்கவேண்டும் என்றும் அவர் கற்பித்தார். சிறுவயது முதல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஊட்டப்படாதவர் பெரியவரானபின் அவ்வில்லை ஆளமுடியாது என்பதை லற்றிமர் அறிந்திருந்தார்.

பின்னர்த் துப்பாக்கி வந்தது. ஒருவரைத் துப்பாக்கி சுடப் பழக்கச் சில வாரங்கள் போதும். வில்லாளர் ஒருவரை உருவாக்கவோ பல ஆண்டுகள் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் நெடுவில் படையினின்றும் மறையலாயிற்று. பொழுதுபோக்காக அம்பெய்தல் தொடர்ந்ததாயினும், அக்காலத்துப் பெருவில்லை ஆளும் வன்மை மறைந்தது.

எட்டாம் ஹென்றி மன்னனின் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல், 1545 ஆம் ஆண்டு யூலை 19 ஆந் திகதி போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் அருகே மூழ்கிற்று. 1982 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 11 ஆந் திகதி அதன் உடற்பகுதி கடலினின்றும் மேலே கொணரப்பட்டது. அக்கப்பலிலிருந்து 172 யூ விற்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. ஆராய்ச்சியாளர் வியப்படைந்தனர். அவ்விற்களின் இழுவிசை 100 இறாத்தலுக்கு மேற்பட்டது எனவும், பல 150 இறாத்தலையும் எட்டின எனவும் அவர்கள் கணித்தனர். இன்றைய ஒலிம்பிக் ஆடவரின் வில் ஏறத்தாழ 50 இறாத்தல் கொண்டதே. அக்கப்பலில் மாண்டோரின் எலும்புகள் சிலவற்றில், தோளின் மேலுள்ள எலும்புத் துண்டு வளர்ந்தபின்னும் பொருந்தாதிருந்தது. இளமை முதற் பெருவில் இழுத்தமை இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

மாணவர்களே, இங்கே சிறிது நில்லுங்கள். வில் கிடைத்தது; அம்பு கிடைத்தது; எய்தவரின் எலும்புகூடக் கிடைத்தது. ஆனால் அவ்வில்லை எவ்வாறு இழுப்பது என்று காட்டித்தர ஒருவருமில்லை! லற்றிமரின் தந்தையாருக்குத் தெரிந்திருந்த ஒன்று, நானூறு ஆண்டுகளின் பின் அறிஞர்களுக்குப் புதிராயிற்று. மரவில்லை நேசித்த சிலர் அவ்விற்களைப்போற் புதிதாகச் செய்து, ஆண்டுக்கணக்கிற் படிப்படியாக உடலைப் பழக்கி, மீண்டும் அத்தகைய வில்லை இழுக்கக் கற்றனர். அவர்கள் எய்த இலேசான அம்புகள் 300 மீற்றருக்கு அப்பாலும் சென்று வீழ்ந்தன. அறுந்த சங்கிலியை மீண்டும் பொருத்த முடிந்தது. ஆனால் அதற்கு எத்துணை உழைப்பு வேண்டியிருந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

4. ஓர் இழையிலே தொங்கிய சங்கிலி: இஷி

1911 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஒரோவில் என்னும் ஊரின் அருகே, பசியால் மெலிந்த மனிதர் ஒருவர் தனித்து வந்து நின்றார். அவர் யாகி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய மக்கள் குடியேற்றக்காரராற் கொல்லப்பட்டும் பசியாலும் நோயாலும் மடிந்தும் அழிந்துவிட்டனர். எஞ்சியவர் அவர் ஒருவரே. தம் பெயரைக் கூறுவது அவர் குல வழக்கன்று. ஆதலால் அவர் மொழியில் ‘மனிதன்’ எனப் பொருள்படும் இஷி என்னுஞ் சொல்லால் அறிஞர் அவரை அழைத்தனர். அவர் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார்.

அங்கு சக்ஸ்ரன் போப் என்னும் மருத்துவர் அவருக்கு நண்பரானார். இஷி மரத்தைச் செதுக்கி, விலங்கின் தசைநாரை அதன் முதுகிலே ஒட்டி வில் செய்வார். எரிமலைக் கண்ணாடிக் கல்லைத் தட்டி அம்புமுனை ஆக்குவார். போப் அருகிருந்து பார்த்தார், கூடவே எய்தார், காட்டுக்கும் உடன் சென்றார். 1916 ஆம் ஆண்டு மார்ச் மாதம் இஷி காசநோயால் இறந்தார். 1923 ஆம் ஆண்டு போப், வில் செய்தல், அம்பு செய்தல், வேட்டையாடுதல் ஆகியவற்றை விளக்கி ஒரு நூலை வெளியிட்டார். அமெரிக்காவிலே மரவில் மீண்டும் பரவுவதற்கு அந்நூல் பெருந் தூண்டுதலாயிற்று. நோயுற்ற மனிதர் ஒருவரிடமிருந்து மருத்துவர் ஒருவர் கற்ற பாடம், இன்று எண்ணற்றோரின் கைகளிலே வாழ்கின்றது.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. இஷியின் மொழியை அறிஞர்கள் மெழுகு உருளைகளிற் பதிவு செய்தனர். 1915 ஆம் ஆண்டு எட்வேர்ட் சபீர் என்னும் புகழ்பெற்ற மொழியியலறிஞர் அவருடன் அமர்ந்து சொற்களைக் குறித்துக்கொண்டார். அப்பதிவுகள் இன்றும் பேணப்படுகின்றன. எனினும் அம்மொழியைப் பேசுவோர் எவருமிலர். இஷியின் வில்லை ஒருவர் தம் கையில் ஏற்றார், அது பிழைத்தது. அவர் மொழியை ஒருவரும் தம் நாவில் ஏற்கவில்லை. அது உருளையிலே உறங்குகின்றது. பதிந்து வைத்தல் வேறு, பயின்று வருதல் வேறு என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. அறாத சங்கிலி: கொரியாவும் பூட்டானும்

புதியதையும் ஏற்றுப் பழையதையும் கைவிடாத நாடுகளும் உண்டு. ஒலிம்பிக் வில்வித்தையிலே தென்கொரியாவுக்கு நிகரான நாடில்லை. அந்நாட்டு மகளிர் அணி 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக் போட்டிகளிலும் தொடர்ந்து தங்கப்பதக்கம் வென்றது. அவர்கள் கையாள்வது புதிய வில்லையே. ஆயினும் அதே நாட்டிலே, எருமைக் கொம்பு, மூங்கில், முசுக்கட்டை மரம், மாட்டுத் தசைநார் ஆகியவற்றை மீன்பசையால் ஒட்டிச் செய்யும் பழைய கொம்பு வில்லும் வாழ்கின்றது. அதன் நாணைக் கழற்றினால், அது எதிர்ப்புறமாகச் சுருண்டு வளையம்போற் காணப்படும். 145 மீற்றர் தொலைவிலுள்ள பலகையை நோக்கி, குறிகாட்டி எதுவுமின்றி அதனால் எய்கின்றனர். இது ஒலிம்பிக் தொலைவின் இரு மடங்கிலும் கூடியது! வில்லும் அம்பும் செய்யும் தொழிலைக் கொரிய அரசு 1971 ஆம் ஆண்டும், மரபுவழி அம்பெய்தலை 2020 ஆம் ஆண்டும் நாட்டின் பண்பாட்டுச் செல்வங்களாக அறிவித்தது.

கொம்பு வில் விலை மிக்கது. ஈரத்தில் வலிமை குன்றும். ஆதலால் இன்று கொரியாவிற் பலர் அதே வடிவில் கண்ணாடியிழை, காபன் முதலியவற்றாற் செய்த வில்லைப் பயன்படுத்துகின்றனர். பொருள் புதிது, வடிவும் எய்யும் முறையும் பழையன. இது பழைமைக்குத் துரோகமா? நாம் அவ்வாறு கருதவில்லை. பலர் சேர்ந்தாற்றான் கலை வாழும். எளிய வில் பலரையும் சேர்க்கின்றது. அதேவேளை, கொம்பை வளைக்கும் கைவினைஞர் ஒருவரும் இல்லாதொழிந்தால், வடிவத்தின் காரணம் மறந்துபோம். இரண்டும் வேண்டும்.

இமயத்தின் மடியிலுள்ள பூட்டானில் வில்வித்தை தேசிய விளையாட்டு. 1984 ஆம் ஆண்டு அந்நாடு முதன்முறையாக ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டபோது, அதன் வீரர் அனைவரும் வில்லாளராகவே இருந்தனர். ஊர்த் திருவிழாக்களிலே ஏறத்தாழ 145 மீற்றர் இடைவெளியில் இரு சிறிய மரப்பலகைகள் நாட்டப்படும். இரு அணியினரும் மாறிமாறி எய்வர். அம்பு பட்டால் அணியினர் ஆடிப் பாடுவர். எதிரணியினர் எய்யும்போது கேலி பேசி அவர்தம் மனத்தைக் கலைக்கவும் முயல்வர். வெளிநாட்டுக் கப்பி விற்கள் அங்கும் பரவிவிட்டன. ஆயினும் மூங்கில் வில்லுக்கெனத் தனிப்போட்டிகள் நடத்தப்படுகின்றன. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தால் மூங்கில் வில் தோற்றுவிடும்; தனித்தட்டு ஒன்று கொடுத்தமையால் அது நிலைக்கின்றது.

6. தமிழில் வில்

சேரர் வில்லைத் தம் சின்னமாகக் கொண்டனர் என்பதை நாம் அறிவோம். கொல்லிமலையை ஆண்ட ஓரி, வல்வில் ஓரி என்றே பெயர் பெற்றான். அவனுடைய ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, இறுதியிற் புற்றிலிருந்த உடும்பிலே தைத்ததாக வன்பரணர் புறநானூற்றிலே பாடியுள்ளார். இன்றும் ஆடி மாதத்திற் கொல்லிமலையிலே வல்வில் ஓரி விழா கொண்டாடப்படுகின்றது. அவ்விழாவில் வில்வித்தைப் போட்டியும் இடம்பெறுகின்றது. தென்தமிழகத்து வில்லுப்பாட்டிலே, மணிகள் கட்டிய பெருவில்லின் நாணைக் கோலால் அடித்துக் கதை பாடுவர். போர்க்கருவி இசைக்கருவியாகிய விந்தை அது!

சொற்களைப் பாருங்கள்: வில், சிலை, நாண், அம்பு, கணை, பகழி, வாளி, தூணி. எத்தனை வளம்! ஆனால் எம்மரத்தில் அவ்வில் செய்தனர், எவ்வளவு நீளம் வைத்தனர், எவ்வாறு இழுத்தனர் என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் விடை கூற அறியோம். சொல் நூலிலே தங்கிற்று. வித்தை கையினின்றும் நழுவிற்று. சொல்லை ஏட்டிற் காக்கலாம். வித்தையைக் கையிலேதான் காக்கமுடியும்.

7. இழப்பும் பேறும்

மரவில்லை ஏற்பவர் இழப்பவற்றை மறைத்தலாகாது. அவர் துல்லியத்தை இழக்கின்றார். வேகத்தையும் தொலைவையும் இழக்கின்றார். முதல் ஆண்டிலே அவருடைய அம்புகளுட் பல புல்லிலேதான் கிடக்கும். வேட்டைக்குச் செல்வோராயின், விலங்கு வீணே துன்புறாவண்ணம், மிக அண்மையிற் சென்றாலன்றி எய்யாதிருக்கும் கட்டுப்பாடு அவர்க்கு வேண்டும். பழைய கருவியை ஏற்பவர், அதன் எல்லையையும் ஏற்றல் வேண்டும்.

அவர் பெறுவன யாவை? தம் தவற்றுக்குத் தாமே பொறுப்பேற்கும் நேர்மை. இழுக்குமுன் மனத்தை அடக்கும் பயிற்சி. மரத்தையும் இறகையும் அறிந்த அறிவு. இவற்றுக்கெல்லாம் மேலாக, தமக்கு முன் வாழ்ந்தோர் ஒருவரிடமிருந்து பெற்றதைத் தமக்குப் பின் வருவோர் ஒருவரிடம் ஒப்படைக்கும் உரிமை.

8. பழக விரும்பும் மாணவர்க்கு

உங்கள் ஊரில் வில்வித்தைக் கழகம் இருப்பின், பெற்றோருடன் சென்று பார்க்கலாம். பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுங்கள்:

அ. பயிற்சியாளர் இன்றி வில்லைத் தொடாதீர்கள். அம்பு பூட்டிய வில்லை இலக்கன்றி வேறெத்திசையிலும் நீட்டாதீர்கள்.

ஆ. இலேசான வில்லிலே தொடங்குங்கள். சிறுவர்க்கு 10 முதல் 20 இறாத்தல் போதும். வலிய வில் தவறான பழக்கத்தையும் தோள்நோவையுமே தரும்.

இ. அம்பின்றி நாணை இழுத்து விடாதீர்கள். அம்பிற் செல்லவேண்டிய விசை வில்லிலே தாக்கி அதனை முறிக்கும்.

ஈ. பத்து மீற்றர் தொலைவில் நின்று, பத்து அம்புகளும் ஓரிடத்தில் அணுகித் தைக்கும்வரை எய்யுங்கள். அதன் பின்னரே தொலைவைக் கூட்டுங்கள்.

உ. எய்து முடிந்ததும் மரவில்லின் நாணைக் கழற்றிவிடுங்கள். ஓய்வின்றி வளைந்தே நிற்கும் வில் தன் வலிமையை இழக்கும்.

முடிவுரை

லற்றிமரின் தந்தையார் மகனுக்கு ஒரே நாளிற் பெருவில்லைக் கொடுக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு சற்றே பெரிய வில்லைக் கொடுத்தார். வார இறுதியில் இப்பாடசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் அதனையே செய்கின்றனர். பாலர் வகுப்பிலே அகரம். அடுத்த ஆண்டிற் சொல். அதற்கடுத்த ஆண்டில் வாக்கியம். வெளியுலகிற்குப் பயன்படும் மொழி வேறாய் இருக்க, இதனை ஏன் பயிலவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அக்கேள்வி நியாயமானதே, அதற்கு நாம் சினத்தல் ஆகாது. ஒலிம்பிக் வில்லையும் ஏந்தலாம், கொம்பு வில்லையும் ஏந்தலாம் என்று கொரியர் காட்டியதை அவர்களுக்கு எடுத்துக் கூறுவோம். உருளையிலே உறங்கும் இஷியின் மொழியையும் எடுத்துக் கூறுவோம்.

நாணேற்றுவார் இருக்கும்வரை வில் வில்லாகும். இல்லையேல் அது காட்சிப்பொருள். இதனை நாமும் மறவாதிருப்போமாக.

அருஞ்சொற்பொருள்

இழுவிசை - வில்லை முழுதும் இழுக்கத் தேவைப்படும் வலிமை
இறாத்தல் - ஏறத்தாழ 454 கிராம் கொண்ட நிறை அளவு
கப்பி - கயிறு ஓடும் சில்லு
வைரம் - மரத்தின் உள்ளேயுள்ள உறுதியான பகுதி
நாரோட்டம் - மரத்தில் நார் செல்லும் வழி
முசுக்கட்டை - பட்டுப்புழுவுக்கு இலை தரும் மரம்
பகழி, கணை, வாளி - அம்பு
சிலை - வில் (இங்கு)
தூணி - அம்புகளை வைக்கும் கூடு

பயிற்சி வினாக்கள்

1. கப்பி வில்லுக்கும் மரவில்லுக்கும் இடையே, முழுதும் இழுத்த நிலையிற் காணப்படும் வேறுபாடு யாது?
2. யூ மரம் வில் செய்வதற்குச் சிறந்ததாய் இருப்பது ஏன்?
3. மேரி ரோஸ் கப்பலிலிருந்து விற்கள் கிடைத்தும் ஆராய்ச்சியாளர்க்குக் கிடைக்காத அறிவு எது?
4. “பதிந்து வைத்தல் வேறு, பயின்று வருதல் வேறு.” இஷியின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.
5. உங்கள் வீட்டிலே பாட்டனார் அல்லது பாட்டியார் மட்டும் அறிந்த கைத்தொழில் அல்லது சமையல் முறை ஏதேனும் உண்டா? அதனை அவரிடம் கேட்டு, செய்து பார்த்து, பத்து வாக்கியங்களில் எழுதுக.